கிளப்புக்கு ஒரு மைதானம் வேண்டும், வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் கால்பந்து கிளப் நடத்துகிறோம். சொந்த மைதானம் இல்லை. பயிற்சி எல்லாம் கடற்கரையில்தான். ஆனி, ஆடியில் கடல் ஏறிவிட்டால் அதுவும் போச்சு. மணலில் பந்து உருளாது, தரையோடு பாஸ் கொடுத்துப் பழகவே முடியாது. புல்தரையில் போட்டி என்றால் பையன்கள் முதல் பாதி முழுக்கத் திணறுகிறார்கள். இத்தனை திறமையும் வீணாகிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

விதிப்படி குறைந்தது 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம், அதாவது சுமார் 1 ஏக்கர் வேண்டும். வீடுகள் நெருங்கிக் கிடக்கும் எங்கள் கரையில் அதற்கு இடமில்லை. கொல்லங்கோடு, நித்திரவிளை வட்டாரத்தில் புறம்போக்கு நிலமோ, குத்தகைக்கு விடும் இடமோ தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், மனுவை ஆட்சியரிடம் கொடுப்பதா, மாவட்ட விளையாட்டு அலுவலரிடமா? முன்பு இப்படி இடம் வாங்கியவர்கள் மனுவின் நகல் அனுப்பினால் பெரிய உதவி. நிலத்தை நிரவும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம்.