2:37 படத்தின் முடிவு நியாயமா, இல்லை ஏமாற்றா? (கதை முழுக்கச் சொல்லியிருக்கிறேன், பார்க்காதவர்கள் தள்ளிப் போகவும்)

ராத்திரி_ஆட்டம்:
நேற்று தூக்கம் வரவில்லை என்று 2:37 போட்டேன், அதற்கப்புறம் சுத்தமாகவே வரவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், 2006இல் வந்த ஆஸ்திரேலியப் படம், அடிலெய்டில் எடுத்தது. இயக்குநர் முரளி கே. தல்லூரிக்கு இது முதல் படம், எடுத்தபோது இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். பிரான்சின் கான் திரைப்பட விழாவில், முக்கியப் போட்டிக்கு அடுத்ததாக இருக்கும் அன் செர்டன் ரிகார்ட் பிரிவில் காட்டினார்கள்.

ஆரம்பத்திலேயே பள்ளிக் கழிவறையில் ஒரு கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, தட்டினால் பதில் இல்லை. யாரோ ஒரு மாணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார், யாரென்று காட்டாமல் படம் அன்றைய காலைக்குப் போய்விடும். பிறகு ஆறு பேர் பின்னால் கேமரா அலைகிறது. மதிப்பெண்ணையும் அப்பாவையும் தவிர வேறெதுவும் தெரியாத மார்கஸ், அவன் தங்கை மெலடி, விளையாட்டு வீரன் லூக், அவனைக் காதலிக்கும் சாரா, ஓரினச் சேர்க்கையாளன் என்று வெளிப்படையாகச் சொன்னதால் ஒதுக்கப்படும் ஷான், உடல் குறையோடு பிறந்து தினமும் கேலிக்கு ஆளாகும் ஸ்டீவன்.

இவனா, அவளா என்று நான் ஊகித்துக்கொண்டே இருந்தேன், ஒரு கட்டத்தில் கொலைகாரன் யார் என்று தேடுகிற மாதிரி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், அது எனக்கே அசிங்கமாக இருந்தது. கடைசியில் பார்த்தால் இந்த ஆறு பேரில் யாருமே இல்லை. கெல்லி என்று ஒரு பெண், அங்கங்கே ஓரமாக வந்துபோனவள், முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. கோபம் வந்துவிட்டது. இது நேர்மையா, இல்லை நம்மை முட்டாளாக்கும் வித்தையா? உங்களுக்கு என்ன தோன்றியது?

கடைசி_பெஞ்சு:
வித்தைதான், சந்தேகமே வேண்டாம். வீட்டுக்குள் நடக்கும் பாலியல் கொடுமை, சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பெண், தான் யாரென்பதை மறைக்கும் பையன், போதை, கேலி என்று இருக்கிற துயரத்தையெல்லாம் ஒரே பள்ளியில் ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டினால் அது பிரச்சினைகளின் பொருட்காட்சி, வாழ்க்கை இல்லை. பள்ளியில் நடக்கும் துப்பாக்கிச் சூடு பற்றி கஸ் வான் சாண்ட் எடுத்த எலிஃபண்ட் படம் பார்த்திருப்பீர்கள், 2003இல் கானின் உச்ச விருதான தங்கப் பனை வாங்கியது. பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னாலேயே நீளநீளமாக நடக்கும் கேமரா, ஒரே நிகழ்ச்சியை வேறு வேறு ஆள் பக்கமிருந்து திரும்பக் காட்டுவது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது எதையும் விளக்காது. இவரோ நடையை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுநடுவே கறுப்பு வெள்ளையில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேட்டி எடுத்து மனதைத் திறந்து பேசவிடுகிறார். பதினேழு வயதில் எவன் அப்படிக் கோர்வையாகப் பேசுவான்? நான் அந்த வயதில் "என்னடா ஆச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன், ஸ்டீவன் சிறுநீரில் நனைந்த கால்சட்டையோடு நிற்கிற இடம். அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படம் முழுக்க அப்படி இருந்திருந்தால் நான் பேசவே மாட்டேன்.

வருகைப்பதிவு:
நான் 14 வருடமாக வகுப்பாசிரியை. கடைசி பெஞ்சு தம்பி சொல்வதில் பாதி சரி, அந்தப் பொருட்காட்சி எனக்கும் அலுப்புதான். ஆனால் கெல்லி விஷயத்தில் நான் படத்தின் பக்கம்.

எங்கள் வகுப்பில் ஒரு வருடம் ரகளை செய்யும் பையன்கள் இரண்டு பேர், அழுதுகொண்டே இருக்கும் பெண் ஒருத்தி, ஆலோசகர், பெற்றோர் கூட்டம் என்று எங்கள் நேரமெல்லாம் அந்த மூவருக்கே போனது. இன்னொருத்தி இருந்தாள், கரும்பலகை துடைப்பாள், நோட்டுகளைச் சேர்த்துக் கொண்டுவந்து மேசையில் அடுக்குவாள், "நல்ல பிள்ளை" என்பதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் அவள் நோட்டைத் திருத்த உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பாடத்தலைப்பு, அடியில் அளவுகோல் வைத்து அழகாக ஒரு கோடு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, ஒரு வரிகூட. அப்படி ஆறு வாரம். அதைவிடக் கேவலம், அந்த வெற்றுப் பக்கங்கள் சிலவற்றின் அடியில் என் கையெழுத்து இருந்தது. பார்க்காமலே போட்டிருக்கிறேன்.

கூப்பிட்டு உட்காரவைத்தேன், பேச வெகுநேரம் ஆனது, அப்புறம் பேசினாள். இப்போது நன்றாக இருக்கிறாள், அதனால்தான் இதை எழுத முடிகிறது. நண்பரே, கெல்லியின் முகம் நினைவில்லை என்று கோபப்படுகிறீர்கள். அந்தக் கோபம் இயக்குநர் மேலேதானா என்று ஒருமுறை யோசியுங்கள்.

மழைக்கால_ஈசல்:
முடிவு பற்றிய சண்டையை நீங்கள் போடுங்கள், எனக்கு வேறொரு வழக்கு இருக்கிறது. அந்தச் சாவை அவ்வளவு நேரம், அவ்வளவு விவரமாகக் காட்டியே ஆக வேண்டுமா? மூடிய கதவே போதும், ஆரம்பக் காட்சியே அதை நிரூபிக்கிறது. ஒரு பள்ளி மாணவியின் தற்கொலையைச் சுற்றிய 13 ரீசன்ஸ் வை தொடரில் இதே தகராறு வந்து, வெளியாகி இரண்டு வருடம் கழித்து 2019இல் அந்தக் காட்சியை நெட்ஃபிளிக்ஸே வெட்டியது. அதே வருடம் உலக சுகாதார நிறுவனம் திரைத்துறையினருக்கென்றே ஒரு கையேடு போட்டது, அதிலும் செயலையோ முறையையோ காட்டாதீர்கள் என்றுதான் இருக்கிறது, ஏற்கெனவே நொந்துபோன ஒருவர் பார்த்தால் அது பின்பற்றும் வழியாகிவிடலாம் என்ற பயம். 2006இல் இந்தக் கையேடு இல்லை, சரி. ஆனாலும் அந்தக் காட்சியில் கேமரா நகர மறுப்பதை "துணிச்சல்" என்று சிலர் எழுதும்போது எரிச்சல் வருகிறது.

அப்புறம், ராத்திரி ஆட்டம், தூக்கமில்லாமல் தனியாக இருக்கும்போது இந்த மாதிரிப் படம் எதற்கு? நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? சும்மா கேட்கவில்லை, பதில் போடுங்கள்.

ராத்திரி_ஆட்டம்:
நன்றாக இருக்கிறேன், கேட்டதற்கு நன்றி. வேலை மாறியதில் தூக்கம் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்று அக்கா வீட்டில் இருக்கிறேன்.

மதியம் ஓட்டி ஓட்டி கெல்லி வரும் இடங்களை மட்டும் பார்த்தேன், கடைசிக் காட்சியைத் தொடவில்லை. எல்லாம் சேர்த்தாலும் சில நிமிடங்கள்தான் வரும். ஆனால் இருக்கிறாள், ஒளித்துவைக்கவில்லை. நான்தான் அவள் எப்போது நகர்வாள், கதை எப்போது தொடரும் என்று காத்திருந்திருக்கிறேன். ஆனாலும் ஊகிக்கவைக்கும் அந்த ஆட்டத்தை இன்னும் மன்னிக்கவில்லை, ஆறு பேரின் வலியும் அதில் வெறும் துப்பாகிவிட்டது, அதில் நான் கடைசி பெஞ்சு கட்சி.

டீச்சர், அந்த நோட்டு இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

வருகைப்பதிவு:
இல்லை. அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன், மீதிப் பக்கங்களில் அவள் எழுத வேண்டியிருந்ததே.