கீரவாணி ராகத்தில் ஒரு பியானோ மெட்டு: 9ஆம் பாரிலிருந்து ஒரே இரைச்சல், உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பியானோவுக்கென்றே முதன்முறையாக ஒரு மெட்டு எழுதியிருக்கிறேன். ஏ மைனர் ஸ்கேல் (ஏ-யில் தொடங்கும் ஸ்வர வரிசை), 3/4 (சுற்றுக்கு மூன்று அடி), மொத்தம் 32 பார் (தாளச் சுற்று). கீரவாணியை மனதில் வைத்து வந்த மெட்டு. வலது கையை மட்டும் வாசித்தால் நன்றாகவே இருக்கிறது. இரண்டு கையும் சேர்ந்தால் 9ஆம் பாரிலிருந்து இரைச்சல், மெட்டு அமுங்கிப்போகிறது. வேகத்தைக் குறைத்தும், இடது கையை மெதுவாக வாசித்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

இன்னொன்று, 17ஆம் பாரில் சி மேஜர் ஸ்கேலுக்குப் போகிறேன். கேட்டவர்கள் எல்லாரும் "அங்கே வேறு பாட்டு ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு" என்கிறார்கள்.

9 முதல் 16 வரை இடது கை: ஏ மைனர், டி மைனர், ஏ மைனர், ஈ, ஜி, எஃப், டி மைனர், ஈ. எல்லாமே மூன்று ஸ்வரத்தையும் ஒன்றாக அழுத்தும் கார்ட். ஏ மைனரை நடு சி-க்குக் கீழே இரண்டாவதாக வரும் ஏ-யில் தொடங்குகிறேன். நோட்டேஷனும் பதிவும் இணைத்திருக்கிறேன். தயங்காமல் சொல்லுங்கள்.

பதில் 1:
5ஆம் பாரில் எஃப்-இலிருந்து ஜி ஷார்ப்புக்குத் (ஜி-க்கு அரை ஸ்வரம் மேலே) தாவுகிறீர்களே, அருமை. கீரவாணியின் முகமே அந்த இடைவெளிதான்.

இரைச்சலுக்குக் காரணம் ஸ்வரங்களின் நெருக்கம். அந்த ஏ 110 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 110 அதிர்வு), மேலே உள்ள சி சுமார் 131. அவ்வளவு கீழே, இருபது ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் இரண்டு ஒலி சேர்ந்தால் காதால் பிரித்துக் கேட்க முடியாது, உறுமலாகத்தான் விழும். அதே கார்டை இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே வாசியுங்கள், தெளிவாகிவிடும். எனவே கீழே ஏ, அப்புறம் ஈ, அதற்கு மேல் நடு சி என்று விரித்துவிடுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டாது, எட்டவும் வேண்டாம். 3/4 தானே, அடிக்கு ஒன்றாக வாசிக்கலாம். இசையமைப்பாளர் ஷோப்பானின் நாக்டர்ன் என்ற பியானோ இசைத்துண்டுகளில் இடது கை இப்படித்தான் அகன்று நடக்கும்.

பெடலை (ஸ்வரங்களை நீள ஒலிக்க விடும் மிதி) எப்போது மாற்றுகிறீர்கள்?

கேட்டவர்:
இரண்டு பாருக்கு ஒருமுறை.

பதில் 1:
அதுவும் சேர்ந்துதான் குழப்புகிறது. கார்ட் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். புது கார்டை அடித்த உடனே பெடலை விட்டு மறுபடி மிதிக்க வேண்டும். அடிக்கும் முன்பே விட்டால் நடுவில் சத்தம் அறுந்துவிடும்.

பதில் 2:
நான் பாடுகிறவன், பியானோ தெரியாது. ஆனால் 13இல் ராகம் கைவிட்டுப் போகிறது. ஏ-யை ஷட்ஜமாக (ச) வைத்தால் கீரவாணிக்குக் காகலி நிஷாதம் (மேல் நி), அதாவது ஜி ஷார்ப். 12ஆம் பாரின் ஈ கார்டில் அது ஒலிக்கிறது. அடுத்த பாரிலேயே சாதா ஜி, கைசிகி நிஷாதம் (கீழ் நி). 21ஆவது மேளமான (தாய் ராகம்) கீரவாணியில் இருந்தவர் 20ஆவதான நடபைரவிக்குப் போய்விட்டீர்கள். மெட்டில் அங்கே பி நிற்கிறது, அது ஈ கார்டிலும் உண்டு. அங்கே ஜி கார்ட் வேண்டாமே.

பதில் 3:
13இல் வேண்டாம், சரி. ஆனால் ஜி கார்டைத் தூக்கிப்போடாதீர்கள். சி மேஜருக்கு இயல்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கார்டே அதுதான். இப்போது 16இல் ஈ வாசிக்கிறீர்கள். காது ஏ மைனரை எதிர்பார்த்து நிற்கும்போது சி வந்தால் வேறு பாட்டாகத்தான் தோன்றும். 13இல் ஈ, 16இல் ஜி வையுங்கள். 15இல் டி மைனர் ஏற்கெனவே இருக்கிறது, டி மைனர், ஜி, சி என்று தானாக இறங்கும். 16ஆம் பார் மெட்டில் வரும் ஜி ஷார்ப்பையும் சாதா ஜி ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கார்டோடு மோதும்.

கேட்டவர்:
மாற்றி வாசித்தேன். இரைச்சல் போயே போச்சு, 17க்குள் நுழைவதும் இதமாக இருக்கிறது. மூவருக்கும் நன்றி. 25இல் மறுபடி ஏ மைனருக்குத் திரும்ப வேண்டும், இப்போது 24இல் சி-யே நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 3:
24இல் ஈ செவன்த் வையுங்கள்: ஈ, ஜி ஷார்ப், பி, டி. முடிந்தால் அந்த ஜி ஷார்ப்பை வலது கையிலேயே கடைசி ஸ்வரமாக வாசியுங்கள், அங்கிருந்து ஏ-க்கு அரை ஸ்வரம்தான். புதுப் பதிவையும் போடுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.