2121ஆம் போர்ட்டுக்கு மாற்றினால் எப்டிபி சேர்வர் பாதுகாப்பா?

வெள்ளவத்தை65: நேற்று அச்சகத் தம்பிக்கு இங்கே ஒருவர் சொன்ன யோசனையைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. கோப்புகளை அனுப்பவும் எடுக்கவும் வைக்கும் எப்டிபி சேர்வரை 21ஆம் போர்ட்டிலிருந்து (கணினிக்குள் நுழையும் இலக்கமிட்ட வாசல்) 2121க்கு மாற்றினால் பயமில்லையாம். எங்கே வைத்தாலும், இணைத்தவுடன் 220 என்ற வரவேற்பு இலக்கத்தோடு அது தானே வாய் திறந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இருப்பதே 65,535 போர்ட். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க ஒரு சின்ன மென்பொருள் போதும்.

செட்டியார்தெரு: சொன்னது நான்தான். 21இல் இருந்தபோது லொக் (வந்து தட்டியவர்களின் பதிவு) முழுக்கத் தெரியாத ஐபி முகவரிகள். மாற்றி மூன்று வருடம், ஒருவனும் வரவில்லை. நீங்கள் படித்ததைப் பேசுகிறீர்கள், நான் கடை நடத்துகிறேன்.

வெள்ளவத்தை65: நானும் பதினெட்டு வருடமாக சேர்வர் பார்க்கிறவன்தான். லொக்கில் விழுவது கதவைத் தட்டியவன் மட்டும். வழியில் நின்று ஒட்டுக்கேட்டவன் விழமாட்டான். எப்டிபியில் கடவுச்சொல் மறைவில்லாமல் அப்படியே போகிறது. வலையில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைக் கடை வைஃபையில் ஓடவிட்டுப் பாருங்கள், 'பாஸ்' என்ற கட்டளைக்குப் பக்கத்திலேயே அது நிற்கும். இன்றைய வடிவமே 1985இல் எழுதிய நெறிமுறை ஐயா. குரோமும் பயர்பொக்ஸும் 2021இல் எப்டிபியைத் தூக்கிவிட்டன.

தெஹிவளை மாணவி: அண்ணா, எப்டிபிக்குப் பதிலாகப் பாதுகாப்பானவை என்று சொல்லும் எப்டிபிஎஸ்ஸும் எஸ்எப்டிபியும் ஒன்றா?

வெள்ளவத்தை65: இல்லை தங்கச்சி. முதலாவது எப்டிபிக்கு டிஎல்எஸ் என்ற குறியாக்கத்தை (வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைப்பது) போர்த்தியது. மற்றது எஸ்எஸ்எச் என்ற குறியாக்க இணைப்பு வழியாக ஓடும் வேறொன்று, 22ஆம் போர்ட்.

செட்டியார்தெரு: பார்த்தீர்களா, இவரும் போர்ட்டில்தான் வந்து நிற்கிறார்! குறியாக்கம் இருந்த மூவ்இட் என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளுக்குள்ளும் 2023இல் புகுந்தார்களே?

வெள்ளவத்தை65: புகுந்தது அதன் இணையப் பக்கத்தில் இருந்த எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை) ஓட்டை வழியாக. அதற்காகக் கடவுச்சொல்லைத் திறந்து அனுப்புவதா? மென்பொருளை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். 2011இல் விஎஸ்எப்டிபிடி என்ற எப்டிபி சேர்வர் மென்பொருளின் 2.3.4 பொதிக்குள் யாரோ பின்கதவு வைத்தார்கள். பயனர் பெயரில் சிரிப்புக் குறி போட்டால் 6200ஆம் போர்ட் திறந்துகொள்ளும்.

செட்டியார்தெரு: நான் வைத்திருப்பது ப்ரோஎப்டிபிடி.

வெள்ளவத்தை65: அதன் 1.3.3சி பொதியிலும் 2010இல் பின்கதவு வைத்தார்களே.

செட்டியார்தெரு: போன மாதம் ரவுட்டர் விஷயத்திலும் எல்லாருக்கும் முன்னால் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

வெள்ளவத்தை65: அன்றும் நான் சொன்னதுதான் சரி.

கொட்டாஞ்சேனை அச்சகம்: அண்ணாமார், இன்று இரவு ஒரு கல்யாண ஆல்பம் வரவேண்டும். சேர்வரை நிறுத்தவா, விடவா?

வெள்ளவத்தை65: நிறுத்து தம்பி. எஸ்எப்டிபி போட்டுவிட்டுத் திற. அப்புறம், கடவுச்சொல் இல்லாமல் நுழையும் அனொனிமஸ் கணக்கு திறந்து கிடக்கிறதா என்றும் பார்.

செட்டியார்தெரு: விடு தம்பி. 2121இல் இருக்கும்போது யார் வந்து பார்க்கப்போகிறான்?