புதுப்பிப்பு: கீபோர்டு கட்டைகளில் இருந்த கீறல் சுண்டெலியின் வேலை

என் 61 கட்டை இசைக் கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளின் முன்விளிம்பு அரிபட்டதும், நடு ஸ்தாயியில் நான்கு கட்டைகள் மெல்லத் தொட்டாலே அலறியதும் ஏன் என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. காரணம் சிலர் சந்தேகித்த மோதிரமும் இல்லை, வெயிலும் இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது: பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லிய பள்ளங்கள் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. பல் தடம்.

எதிர்பாராதது, கீபோர்டைக் கழற்றியபோது உள்ளே இருந்தது. ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணிப் பட்டையைப் பஞ்சாக்கிக் கூடு. காய்ந்த மூத்திரம் கார்பன் புள்ளிகள்மேல் (கட்டையை அழுத்தும்போது மின்தொடர்பு தருபவை). கட்டைக்கு இரண்டு புள்ளி. அவை அடுத்தடுத்துத் தொடும் நேர இடைவெளிதான் சத்தத்தின் அளவைத் தீர்மானிக்கும்: இடைவெளி குறைந்தால் சத்தம் கூடும். முதல் புள்ளி அழுக்கால் தாமதித்தால் இடைவெளி சுருங்கும், சத்தம் உச்சத்துக்குப் போகும்.

கையுறை, முகக்கவசம் போட்டு, 99% ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒற்றி எடுத்தேன். அழுத்தித் தேய்த்தால் கார்பன் உரிந்துவிடும். நன்றாகக் காயவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியதும் நான்கு கட்டைகளும் சரியாகிவிட்டன.