தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும் மாணவி: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து மாலையில் இலவச வகுப்பு நடத்துகிறோம். சின்ன வகுப்பு வரை பெண் பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்கள்; வயதுக்கு வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். போன வாரம் ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றே கணக்குப் பாடம் கேட்டாள். உள்ளே கூப்பிட்டால், "இவன் அழுவான் டீச்சர்" என்கிறாள். அண்ணன் மட்டும் டியூஷன் போகிறான்!

பெண்கள் பாதியில் படிப்பை விடுவதைக் குறைக்க வேண்டும் என்று ஐ.நா. 1979லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டது. அதை அவள் அப்பாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கைக்குழந்தைகளுக்காக வகுப்பிலேயே ஒரு மூலையை ஒதுக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பார்த்துக்கொள்ள யாரை உட்கார வைத்தீர்கள்? அப்புறம், அப்பாக்களிடம் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்?