மெட்டல் டிடெக்டரோட (மண்ணுக்குள்ள உலோகம் தேடுற மெஷின்) மலையகத்துல இறங்கினவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

பெரட்டுக்களம்:

இத யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். பெரியப்பா மகன் கட்டார்ல இருந்து வரும்போது ஒரு காரெட் ஏஸ் 250 கொண்டு வந்தான், எல்லாருக்கும் தெரிஞ்ச மெஷின்தான். எங்க தோட்டத்துல தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்த ஒடச்சிட்டு தனி வீடு கட்டுறாங்க, தொரைகிட்ட கேட்டு சம்மதம் வாங்கிட்டு இஸ்தோப்பு (முன் திண்ணை) இருந்த எடத்துல ஓட்டினோம். காயின்ஸ் மோட்ல வச்சிருந்தோம், இரும்ப ஒதுக்கிட்டு காசு மாதிரி உள்ளத மட்டும் சொல்லும். ஆணி, கூரத்தகரம், வாளிப்பிடி எல்லாம் கெடக்குற எடம், வேற எப்படி ஓட்டுறது. கொஞ்சம் காசு கெடச்சுச்சு, ஓரம் நெளிஞ்ச ரெண்டு சதம், சதுரமா அஞ்சு சதம், அவ்வளவுதான்.

மெஷின் சத்தமே போடாம தாண்டிப்போன எடத்துல தங்கச்சி மகன் மம்பட்டிய வச்சு வெளாடிக்கிட்டிருந்தான். அவன் கையில ஒரு வட்டத் தகடு. ரெண்டு ரூபா காச விட கொஞ்சம் பெருசு, மேல ஓரமா ஒரு ஓட்ட, துரு பொரிஞ்சு கெடக்கு, துருவுக்கு அடியில விரல வச்சா எழுத்து மாதிரி ஏதோ தட்டுப்படுது. அப்பாயி அத வாங்கி கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் தன் கழுத்துக்குக் கீழ நெஞ்சுல வச்சு, "எங்க ஆத்தாவுக்கு இங்கதான்டா தொங்குச்சாம், தகரத்துண்டு"ன்னு சொல்லிச்சு.

மோட மாத்தி எல்லா உலோகமும் கேக்குற மாதிரி வச்சு அந்தத் தகடு மேல மெஷின் அடியில உள்ள கொயில (சுருள் தட்ட) ஆட்டினேன். டுப்புன்னு அடித்தொண்டையில ஒரு சத்தம். அது வரைக்கும் எத்தன எடத்துல அந்தச் சத்தத்த வாய மூட வச்சிருந்தோமோ, அதான் மனசுல உறுத்துது. மெஷின் மாத்தணும், எத வாங்கலாம்? ஓட்டின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பண்டாரவளைக் காத்து:

தம்பி, கோவிச்சுக்காதீங்க, தகரத்துண்டா, அதான் இந்தியாவுல இருந்து தோட்டத்துக்கு வந்த ஆளுங்க கழுத்துல தொங்கவிட்ட தகடு, அதா இருக்காது. நம்ம மலையில பெய்யிற மழைக்கு மெல்லிசுத் தகரம் நூறு வருசம் மண்ணுக்குள்ள நிக்காது, பொடியாப் போயிரும். ஓட்டை ஓரத்துல இருந்தாலும் ஸ்டோர் (தேயிலத் தொழிற்சாலை) மெஷின்ல இருந்து கழண்ட வாசரோ தட்டோ ஏதாவதா இருக்கலாம்.

என் கதை வேற. தாத்தா வாங்கின காணி, எங்க சொந்த எடம், கெழங்கு போட கொத்தும்போது பின்னாலயே என் டிடெக்டர், நொக்டா சிம்ப்ளெக்ஸ், வச்சுக்கிட்டுப் போனேன். சுத்தமா ஒரு சிக்னல், எந்தப் பக்கம் திரும்பி நின்னு ஆட்டினாலும் திரையில அதே நம்பர், நம்பர் குதிக்கவே இல்ல. அப்படி வந்தா தோண்டலாம், இரும்புன்னா ஒரு பக்கம் நல்லாச் சொல்லும், தொண்ணூறு பாகை திரும்பி நின்னா ஒடஞ்சு போயிரும். ஒரு சாண் கூட போகல, மண்கட்டி ரெண்டா பிளந்துச்சு, ஒரு பாதியில பச்சையா வட்டம், இன்னொரு பாதியில அந்தக் காசோட அச்சு அப்படியே மண்ணுல பதிஞ்சிருக்கு, விக்டோரியா தலை, கொண்டை முடிச்சு வரைக்கும் தெரியுது. காசத் திருப்பினா தாளிப்பன மரம், 1870. அந்த மண்கட்டி காயிறதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்தேன், காசு போட்டோவ விட மண்ணு போட்டோதான் நான் அடிக்கடி பாக்குறது.

1870ங்கிறது காப்பிக் காலம். அதுக்கு முந்தின வருசம்தான் காப்பி இலையில துரு நோய் கண்டது, தேயிலய லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் போட்டு மூணு வருசம்தான் ஆகியிருந்துச்சு. அந்தக் காசு எங்க காணியில எப்படி விழுந்துச்சுன்னு இன்னும் யோசிக்கிறேன்.

கொழுந்துக்கூடை:

பண்டாரவளை அண்ணே, அப்பாயி கையில வாங்கிப் பாத்துச் சொன்னத போட்டோ கூட பாக்காம வாசர்னு சொல்லிட்டீங்க. லயத்துத் தரைக்கு அடியில சாணி மெழுகின மண்ணு, மேல கூரை, மழைத்தண்ணி எறங்காது. எங்க காம்பரா தரைய பேத்தப்ப எங்க தாத்தாவோட கவ்வாத்துக் கத்தி பிடியோட கெடச்சுச்சு. வெளிய போட்டிருந்தா அது என்னைக்கோ கரைஞ்சிருக்கும்.

எனக்கு மெஷின் ஓட்டத் தெரியாது, ஆனா ஒரு தடவ ஓட்டினத பக்கத்துல நின்னு பாத்தேன். அம்மா கொழுந்து எடுக்குறப்ப தாலி விழுந்துருச்சு. மஞ்சக்கயிறு இத்துப்போயிருந்திருக்கு, செடியில மாட்டி இழுத்தது தெரியல, அந்தி நிறுவைக்கு வந்தப்பதான் கழுத்துல கைய வச்சுப் பாத்துச்சு. அன்னைக்கு அம்மா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. மறுநாள் மேல் டிவிசன்ல இருந்து ஒரு தம்பி மெஷின் கொண்டு வந்துச்சு. செவப்பு மண்ணு, சரிவு, செடிக்கு இடையில கொயில் நுழையல, பெரிய கொயில கழட்டிட்டு கையகலத்துக்கு ஒன்னு மாட்டுச்சு. மண்ணே கத்துது, எங்க வச்சாலும் கத்துது. சத்தம் வர்ற எடமெல்லாம் மாத்திரை அட்டை, பால்மா பக்கெட்டு தகடு, பிஸ்கட் சுத்தின வெள்ளித்தாளு. அந்தத் தம்பி சொல்லிச்சு, சின்னத் தங்கமும் இந்தத் தாளும் மெஷினுக்கு ஒரே நம்பர்லதான் கேக்கும், தாள ஒதுக்கச் சொன்னா தங்கத்தையும் சேத்து ஒதுக்கிரும், அதனால எல்லாத்தையும் தோண்டித்தான் ஆகணும்னு. தோண்டிச்சு. ஒரு வார்த்தை சலிச்சுக்கல. மத்தியானத்துக்கு மேல ஒரு செடி மூட்டுல, காஞ்ச எலைக்கு அடியில, மாத்திரை அட்டை மாதிரியே ஒரு சத்தம், எலைய ஒதுக்கினா மஞ்சக்கயிறு முடிச்சு முதல்ல தெரிஞ்சுச்சு, அப்புறம் பொட்டு. ஒரு குண்டு மட்டும் இன்னும் அந்த மலையிலதான் கெடக்கு. அம்மா அந்தத் தம்பிக்கு இன்னைக்கு வரைக்கும் தீபாவளிக்குப் பலகாரம் குடுத்து விடும்.

மாத்தளை மச்சான்:

என்னை ஒரு தடவ ராத்திரி பஸ்ஸுல இருந்து எறக்கி பொலிஸ்ல உக்கார வச்சாங்க, பையில டிடெக்டர். வெடியும்போதுதான் விட்டாங்க. பையத் தொறந்த உடனே அந்த ஐயா கேட்ட மொதக் கேள்வி "பூசாரி எங்க?" அவர் மேல கோவமில்ல, புதையல் தோண்டுறவங்க பூசாரிய வச்சுப் பூசை போட்டு விகாரையையும் தாகபையையும் ஒடச்சுப் போடுற நாட்டுல அவர் அப்படித்தான் கேக்கணும்.

இனி நான் சொல்றத கவனமா வாசிங்க, யாரும் கேக்கலன்னாலும் சொல்றேன். 1940ஆம் வருசத்து தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கு. 1815 மார்ச் 2ஆந்திகதிக்கு முந்தினதுன்னு நம்பக்கூடிய பொருள் தொல்பொருள், கண்டி ராச்சியத்த வெள்ளக்காரனுக்குக் குடுத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். மண்ணுக்குள்ள கெடக்குற தொல்பொருள் அரசாங்கத்துச் சொத்து. அதத் தேடித் தோண்ட தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தோட அனுமதிப்பத்திரம் வேணும், உங்க சொந்தக் காணியா இருந்தாலும் வேணும். பண்டாரவளைக்காரரே, உங்க 1870 காசு அந்தத் தேதிக்குப் பிந்தினது, சரி, ஆனா அதே குழியில ஒல்லாந்தர் காசோ பழைய ராசாக்கள் காலத்துச் செப்புக்காசோ வந்தா அங்கேயே கைய நிறுத்தி அறிவிக்கணும். தோட்டத்துக் காணிக்கு இன்னொரு விசயம், 1992ல கம்பனிகளுக்குக் குடுத்தது நிர்வாகத்ததான், நிலம் அரசாங்கத்துது, தொரை வாயால சொன்னது போதாது, எழுத்துல வாங்குங்க. விகாரை, கோயில், பழைய கோட்டை, கல்வெட்டு உள்ள எடத்துக்குப் பக்கத்துலயே மெஷினோட போகாதீங்க. வெளிநாட்டுல இருந்து கொண்டு வாறதுக்கு முந்தி சுங்கத்துல கேட்டு பதில எழுத்துல வச்சுக்கங்க.

அடுத்தது மண். நம்ம செவப்பு மண்ணுலயும் கபுக் கல்லுலயும் (செம்புரைக்கல்) இரும்புச் சத்து அதிகம். கொயில் அனுப்புற காந்தப்புலத்துக்கு காசு மட்டும் பதில் சொல்றதில்ல, மண்ணும் பதில் சொல்லும், காசோட சின்னக் குரல் அதுக்குள்ள அமுங்கிரும். அதுக்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ், சுத்தமான எடத்துல கொயில மேல கீழ பம்ப் பண்ணி மண்ணோட சத்தத்த மெஷினுக்கு காட்டிக் கழிச்சிடுறது. ஏஸ் 250ல அத நம்ம கையால மாத்த வழியில்ல, தொழிற்சாலையில வச்சதுதான். அதனால பெரட்டுக்களம் தம்பி, இந்த மண்ணுல அதுக்கு ஆழம் கெடைக்காது. கிரவுண்ட் பேலன்ஸ் உள்ளதா, டபுள் டி கொயில் (ரெண்டு D எழுத்த முதுகொட்டி வச்ச மாதிரி சுத்தினது) உள்ளதா பாருங்க, இந்த மண்ணுக்கு வட்டத்துக்குள்ள வட்டம் உள்ள கொயில விட அது நிதானமா நிக்கும். கையில காசு இருந்தா ஒரே நேரத்துல பல அலைவரிசை போற மெஷின், ஈக்வினொக்ஸ் மாதிரி. பல்ஸ் மெஷினுக்கு ஆசப்படாதீங்க, அது மண்ண மதிக்காது, ஆழமாப் போகும், ஆனா எது ஆணி எது காசுன்னு பிரிக்கத் தெரியாது, லயத்துப் பக்கம் அத ஓட்டினா சாயங்காலம் வரைக்கும் ஆணிதான் பொறுக்குவீங்க. பின்பாயின்டர், அதான் குழிக்குள்ள விட்டு எடத்தக் காட்டுற சின்னக் கைமெஷின், ஒன்னு கட்டாயம், இல்லாட்டி மம்பட்டி போட்டு காச வெட்டிருவீங்க.

கெடச்சத தேச்சுக் கழுவாதீங்க. புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் வேணாம். அந்தத் தகட்டுத் துருவ யாரும் சுரண்டவே கூடாது, எழுத்து அந்தத் துருவுலதான் நிக்குது.

நோர்வூட் நிலா:

மச்சான் புதையல்னு சொன்னதால வந்தேன். எங்க மாமா ஒருத்தர் ஏழு மீட்டருக்கு அப்பால இருந்தே தங்கத்தக் காட்டும்னு சொல்லி ஒரு பெட்டி வாங்கினார், ரெண்டு ஏரியல் முன்னால நீட்டிக்கிட்டு நிக்கும், வித்தவன் பேர் வேணாம். அத்தையோட வளையல் ரெண்டும் அதுலதான் போச்சு. அவர் அத கையில புடிச்சுக்கிட்டு நடந்தப்ப ஏரியல் ரெண்டும் மாடசாமி கோயில் பக்கமா திரும்பினத நானே பாத்தேன், ஊரே பின்னால வருது, ஒருத்தன் சேவல் வாங்கப் போயிட்டான். எங்க அத்தை மட்டும் ஒன்னும் சொல்லாம உள்ள போய் மூணு பேணி எடுத்துட்டு வந்து தன் மோதிரத்த ஒன்னுக்கு அடியில வச்சு மூணையும் வாசல்ல கவுத்து வச்சுச்சு. "இத மொதல்ல காட்டுங்க." மாமா எங்கயோ போனார், ஏரியல் எங்கயோ திரும்புச்சு, மோதிரம் இருந்த பேணிய மட்டும் அது மதிக்கவே இல்ல. சேவல் தப்பிச்சுச்சு. கொயில தரைக்கு ரெண்டு விரக்கட மேல வச்சு ஆட்டாத எந்தச் சாமானும் காசு கண்டுபிடிக்காது, தயவு செஞ்சு யாரும் வாங்காதீங்க.

பண்டாரவளைக் காத்து:

கொழுந்துக்கூடை தங்கச்சி சொன்னது நியாயம், தரைக்கு அடியிலன்னா நிலைக்கலாம். ஆனா ஒன்னு, தகரத்துண்டுன்னா தோட்டத்துக்கு ஒரு அடையாளமும் ஆளுக்கு ஒரு நம்பரும் அடிச்சிருக்கும், இலங்கைக்கு வர்றவங்கள ராமேஸ்வரம் பக்கம் நிறுத்தி வச்ச மண்டபம் கேம்ப்ல அத வச்சுத்தான் இந்த ஆள் எந்தத் தோட்டத்துக்குன்னு பாப்பாங்க, பயணச் செலவு தோட்டத்துக் கணக்குல விழும். நம்பர் இருந்தா நான் சொன்னத மொத ஆளா வாபஸ் வாங்குறேன். சாஞ்ச வெளிச்சத்துல, போன் டார்ச்ச பக்கவாட்டுல புடிச்சு போட்டோ எடுங்க, துருவத் தொடாமலே மேடு பள்ளம் தெரியும்.

பெரட்டுக்களம்:

எடுத்தேன் அண்ணே. ராத்திரி லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச தரையோட தரையா வச்சு. கடைசியில ஒரு 7 இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, அதுக்கு முன்னால ரெண்டு எழுத்தோ எண்ணோ, அது புரியல. பேர்த்தி போன்ல போட்டோவ பெருசாக்கிக் காட்டினா, அப்பாயி 7ஐ விரலால தடவிப் பாத்துட்டு "ஆத்தாவுக்கு நம்பர் என்னன்னு கேட்டு வச்சுக்கலையே"ன்னு சொல்லிச்சு.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துல பழைய லயத்துலயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் வச்சிருக்காங்க, அங்க கொண்டு போய்க் காட்டப் போறோம், அப்பாயியும் வருது.

மெஷின் விசயம், மச்சான் சொன்னதுல பாதி எனக்குப் புரிஞ்சது. ஆனா எல்லாரும் இரும்ப எப்படி ஒதுக்குறதுன்னுதான் சொல்றீங்க. எங்க ஆளுங்க விட்டுட்டுப் போனது எல்லாம் இரும்புதானே, கத்தி, மம்பட்டி, அரிவா, தகரம். காசு தொரைமார் பங்களாப் பக்கம் கெடைக்கும். எனக்கு இரும்ப வெட்டித் தள்ளாம, வேற சத்தத்துல மெதுவாச் சொல்ற மெஷின்தான் வேணும், அப்படி எது இருக்கு?

பண்டாரவளைக் காத்து:

சிம்ப்ளெக்ஸ்ல இரும்புச் சத்தத்துக்குத் தனியா வொலியூம் இருக்கு தம்பி, குறைச்சு வச்சுக்கலாம், முழுசா மூடணும்னு இல்ல. கிரவுண்ட் பேலன்ஸும் இருக்கு, கொயில் டபுள் டி. மச்சான் சொன்ன மாதிரி எழுத்துல அனுமதி எடுத்து வைங்க, நான் மெஷினோட வர்றேன், வாங்குறதுக்கு முந்தி உங்க மண்ணுல ஓட்டிப் பாருங்க.