குழுப்படத்தின் நடுவில் இருப்பவர்

செட்டிநாட்டு ஊர்களில் பழைய குடும்பப் படங்களை, அவற்றுக்கு உரியவர்களோடு சேர்த்துப் படமெடுத்து வருகிறேன். காரைக்குடி அருகே ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் குழுப்படம் ஒன்றைச் சுவரிலிருந்து இறக்கி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். பட்டாலை என்று அவர்கள் சொல்லும் வீட்டுக் கூடத்தில் எடுத்தது. நடுநாற்காலியில் மாலையோடு ஒரு பெரியவர், சுற்றிலும் பெரிய கூட்டம். அவருடைய பார்வை மட்டும் எதிலும் நிலைக்கவில்லை. கிட்டே வைத்துப் பார்த்தேன். கருவிழிகள் தூரிகையால் தீட்டியவை.

“எங்கள் ஐயா. படமெடுக்கும்போது அவருக்கு உயிர் இல்லை” என்றார் ஆச்சி, வெகு சாதாரணமாக. இருக்கும்போது படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று அவர் கேமரா முன் நிற்கவே இல்லையாம். இறந்தவரை உட்காரவைத்துக் குடும்பத்தோடு எடுப்பது அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களுக்குப் பழகிய வேலைதான். பின்வரிசையில் ஒருவருக்குத் தலையில் விழும் வெளிச்சமும் உடம்பில் விழும் வெளிச்சமும் பொருந்தவில்லை. அவர் அப்போது பர்மாவில் இருந்தாராம். வேறு படத்திலிருந்து தலையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். “மூத்த மகன் இல்லாமல் ஐயாவை அனுப்பலாமா?”

ஆச்சி பக்கத்தில் இல்லாவிட்டால் இதில் பாதிகூட எனக்குப் பிடிபட்டிருக்காது. இப்போதெல்லாம் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகே கேமராவை எடுக்கிறேன். பெயர், உறவு எதையும் கேட்காமல் முகச் சுருக்கங்களை மட்டும் கறுப்பு வெள்ளையில் அள்ளிக்கொண்டு போய், ஆவணப்படம் என்று காட்சிக்கு வைப்பவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. ஆச்சியோ, படமெடுக்கிறேன் என்றதும், “இருங்கள் தம்பி, வைரத்தோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறேன்” என்று உள்ளே போய்விட்டார்.

பதில், கும்பகோணத்திலிருந்து:

அண்ணா, என் தாத்தாவும் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கண்ணாடி நெகட்டிவ்களில் பெரும்பகுதியைச் சுரண்டிக் கழுவி, படத்துக்குச் சட்டம் போடும் கடைக்கு விற்றுவிட்டார்கள். யார் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் எந்தக் கல்யாணம் இருந்த கண்ணாடி இருக்கிறதோ! புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்மமாக்கியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பரணில் மிஞ்சிய பெட்டியைத் திறந்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கப் பார்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். இரண்டு பக்கமும் சாய்வாக ஒளி விட்டு அப்படியே எடுங்கள்.